உன்னை ஏன் எடுக்க வேண்டும்?

தம்பி, உன்னைப் பெற்ற அத்தா எழுதுகிறேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு பேச்சை எடுத்து முடிப்பதற்குள் உனக்கு அடுத்த கால் வந்துவிடுகிறது. "ஒரு நிமிஷம் அத்தா" என்று சொல்லிவிட்டுப் போவாய். அந்த ஒரு நிமிஷம் மறுநாள் சாயங்காலம்தான் முடியும். கோபத்தில் சொல்லவில்லை. கொஞ்சம் கோபமும் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நடுவில் யாரும் கூப்பிட முடியாது. நீ பாதியில் மூடி வைத்துவிட்டுப் போனாலும் அந்தப் பாதியிலேயே இருக்கும். அதனால் எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் நீ கூப்பிட்டபோது நான் கம்பம் மெட்டு மலை ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். உன் பெயரைப் பார்த்ததும் வளைவு தாண்டி ஓரங்கட்டினேன். வண்டி நிறையப் பெண்கள். நீ ஸ்பீக்கரில் இருக்கிறாய் என்பது உனக்குத் தெரியாது. "அத்தா, அடுத்த வாரம் தேனிப் பக்கம் வர்றேன். இன்ஜினியரிங் காலேஜ் ஒண்ணுல கேம்பஸ் இண்டர்வியூ. இந்தத் தடவ பேனல்ல நானும் இருக்கேன்" என்றாய். நீதான் கேள்வி கேட்கிற ஆளா என்று கேட்டேன். ஆமாம் என்றாய். பின்னால் ஒரே சிரிப்பும் சத்தமும். நான் கையைக் காட்டி அடக்கிவிட்டு, "வீட்டுக்கு எப்ப வர்ற?" என்றேன்.

"டைம் இருக்காது அத்தா. காலைல மதுரைல இறங்கி கார்ல வர்றோம். சாயங்காலமே ரிட்டன் ஃபிளைட்டு."

"நான் வேணா காலேஜ் கேட்டுக்கு வந்து நிக்கவா? ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துர்றேன்."

"வேணாம் அத்தா. டீம் எல்லாரும் இருப்பாக."

சரி தம்பி என்றேன். நீ வைத்த பிறகு முன் சீட்டில் இருந்த பேச்சி கேட்டாள், "என்னண்ணே, தம்பி வருதா?" பேச்சியை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் தெருக்காரி, நீ சின்னதிலிருந்து அத்தை என்று கூப்பிடுகிறவள். வருகிறான், தேனி வரைக்கும் என்றேன். நான் வண்டியை எடுத்தேன். அடுத்த வளைவில் அவள், "தேனி வரைக்கும்னா அது வர்றதாண்ணே?" என்றாள். அந்தக் கேள்விதான் இந்தக் கடிதம்.

உன்னோடு காரில் வரப்போகிறவர்கள் யாராவது எட்டிப் பார்த்து இதைப் படித்தால் படிக்கட்டும். அவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் கம்பத்தில் ஜீப் ஓட்டுகிறேன். விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வண்டியை எடுத்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை ஓரத்தில் நிறுத்துவேன். சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வந்து நிற்பார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறி, மேலே கேரளத்து ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவேன். வண்டி ஓட்டுவது இந்த வேலையில் சுலபமான பாதி. கஷ்டமான பாதி ஒன்று இருக்கிறது. தோட்டத்து மேஸ்திரி காலையில் போன் போட்டு, இன்றைக்கு இத்தனை ஆள் போதும் என்பார். காய் எடுப்பு இல்லாத நாட்களில் நிற்கிற ஆளுக்கும் அவர் கேட்கிற ஆளுக்கும் ஒத்துவராது. யாரையாவது நிறுத்திவிட்டுப் போக வேண்டும். யாரை என்பது என் பொறுப்பு. ஆக, நானும் தினம் காலையில் ஒரு கேம்பஸ் இண்டர்வியூ நடத்துகிறவன்தான். என்னிடம் கோட்டு கிடையாது, அவ்வளவுதான்.

எங்கள் இண்டர்வியூவில் ஒரே ஒரு கேள்விதான், அதையும் நான் வாய் திறந்து கேட்பதில்லை. இன்றைக்குக் கொஞ்சம் ஆள்தான் கேட்டிருக்கிறார்கள் என்று சொன்னதும் அவரவர் தன் நிலைமையை ஒரு வரியில் சொல்லுவார்கள். "புள்ளைக்குக் காய்ச்சண்ணே, மருந்து வாங்கணும்." "வீட்டுல அரிசி இல்லண்ணே." அதோடு சரி. கதை கிடையாது, அழுகை கிடையாது. சொன்னவர் ஏறிக்கொள்வார். சொல்ல ஒன்றும் இல்லாதவர்கள் தானாகவே நகர்ந்து டீக்கடைப் பக்கம் போய்விடுவார்கள். யாரும் பொய் சொன்னதில்லை, ஏனென்றால் பக்கத்தில் நிற்பவள் அதே தெருக்காரியாக இருப்பாள். நான் வண்டி எடுப்பதற்கு முன்பே இந்த வழக்கம் இருந்தது. மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

தேவாரம் ஊரிலிருந்து கல்யாணமாகி வந்த ஒரு பெண், ஏலச்செடியைக் கண்ணால் பார்த்திராதவள், ஒரு நாள் வந்து நின்றாள். அன்றைக்கு மேஸ்திரி கொஞ்சம் ஆள்தான் கேட்டிருந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "வீட்டுல அரிசி இல்லண்ணே" என்றாள். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்ட பேச்சி மறுபேச்சில்லாமல் இறங்கினாள். தோட்டத்திலேயே வேகமாகக் காய் எடுக்கிறவள் பேச்சி. "நேத்து நான் போனேன்ல, இன்னைக்கு அவ போகட்டும்" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மேலே போனால் மேஸ்திரி, இவளுக்கு வேலை தெரியாதே என்று மலையாளத்தில் கத்தினார். "படிச்சோளும் சேட்டா", கற்றுக்கொள்வாள் அண்ணே என்று அவர் பாஷையிலேயே சொன்னேன். கற்றுக்கொண்டாள். இன்றைக்கும் என் வண்டியில்தான் வருகிறாள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். நீ மதுரைப் பக்கம் ஹாஸ்டலில் தங்கிக் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். நீ காலேஜில் சேர்வதற்கு முன்பே உன் அம்மா மவுத்தாகிப் போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் நானும் நீயும்தான், அதிலும் நீ சனி ஞாயிறு மட்டும். முதன்முதலில் உங்கள் காலேஜுக்கு ஒரு கம்பெனி வந்தபோது, எழுதுகிற பரீட்சையில் தேறி, நாலு பேரோடு சுற்றி உட்கார்ந்து பேசுகிற கட்டத்திலும் தேறி, கடைசி இண்டர்வியூவுக்குப் போனாய். அதற்கு முந்தின சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாய். "அத்தா, கடைசியா ஒரு கேள்வி கேப்பாகளாம். உன்னை ஏன் எடுக்கணும்னு. என்ன சொல்ல?"

உலகத்தில் எனக்குப் பதில் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான். தினமும் அதே வேலையாக இருக்கிறவனிடம் வந்து கேட்டால் யோசிப்பானா? "இதுல மண்டையப் போட்டு ஒடைக்க என்ன இருக்கு? உள்ளதச் சொல்லு. அம்மா இல்ல, அத்தா ஜீப்பு ஓட்டுறாரு, எனக்கு வேலை வேணும். ஒரே வரில சொல்லிட்டு நிப்பாட்டிரு. கதை வளக்காத" என்றேன். நீயும் நல்ல பிள்ளையாக அதை இங்கிலீஷில் மாற்றி மனப்பாடம் செய்துகொண்டு போய் அப்படியே சொல்லிவிட்டாய்.

அந்த சனிக்கிழமை நீ வந்து பஸ்ஸை விட்டு இறங்கிய முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. லிஸ்ட்டில் உன் ரூமில் இருந்த எல்லாருடைய பேரும் வந்திருந்தது, உன் பேர் இல்லை. ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாய். வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் நீ இறங்கவில்லை. "தண்ணி குடுத்தாக அத்தா" என்றாய். எனக்கு விளங்கவில்லை. "நான் சொல்லி முடிச்சதும் பேனாவக் கீழ வச்சுட்டு, தண்ணி பாட்டில என் பக்கம் தள்ளுனாக. வேற யாருக்கும் குடுக்கல. எனக்கு மட்டும் குடுத்தாக." பிறகு, "பாவம்னு பாத்தாக அத்தா. இனிமே யார்கிட்டயும் வீட்டப் பத்தி வாயத் தொறக்க மாட்டேன்" என்றாய். காலேஜில் இண்டர்வியூவுக்குப் பழக்குகிற சார், குடும்பக் கஷ்டத்தையெல்லாம் உன்னை எவன் சொல்லச் சொன்னான் என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம். எங்கத்தா சொன்னாக என்று நீ சொல்லவில்லை. அடுத்த பெருநாளைக்கு நம் வீட்டுக்குச் சாப்பிட வந்த உன் ரூம்மேட் சொல்லித்தான் அது எனக்குத் தெரியும்.

நான் சொல்லிக்கொடுத்த பதில் தப்பு என்று உன் காலேஜ் முழுக்கச் சொன்னது. நான் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை, தம்பி. அந்த இடத்துக்கு அது ஆகாது, அது வாஸ்தவம். கம்பெனிக்கும் ஜீப்புக்கும் வித்தியாசம் தெரியாதவன் இல்லை நான். வேலை தெரிந்தவனைத்தான் அவர்கள் எடுக்க வேண்டும், அவர்கள் பாடு அவர்களுக்கு. ஆனால் வேண்டும் என்று ஒருத்தன் வாய்விட்டுச் சொல்வது வெட்கப்படுகிற காரியம் என்று அந்த ஒரு பாட்டில் தண்ணீரில் உனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் சிரிப்பும் வருகிறது. வீட்டில் படித்தால் தூக்கம் வருகிறது என்று சனிக்கிழமைகளில் என்னோடு ஜீப்பில் ஏறிக்கொள்வாய். முழங்கையை ஜன்னல் கம்பியில் வைத்துக்கொண்டு, கையில் அந்த சார் கொடுத்த ஜெராக்ஸ் தாளோடு, மெட்டு ஏறுகிறவரைக்கும் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வருவாய். முதலில் முணுமுணுவென்று சொன்னாய். பின் சீட்டிலிருந்து, "தம்பி, சத்தமாச் சொல்லு. இங்கன ஒண்ணும் கேக்கல" என்று ஒருத்தி கத்தினாள். அன்றிலிருந்து வண்டி முழுக்க உனக்குப் பேனல். பேச்சிதான் தலைவி. உன்னிடமிருந்து கேள்வியைக் கேட்டுக் கேட்டு அவளுக்கே பாடமாகிவிட்டது. வளைவில் வண்டி சாயும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு, "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்பாள். நீ சொல்லச் சொல்ல, கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, கையை ஆட்டுகிறாய், மூச்சு விடாமல் பேசுகிறாய் என்று ஆளுக்கு ஒரு குறை சொல்வார்கள். ஒரு நாள் நீ டை கட்டிப் பழகுகிறேன் என்று என் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாய். பின்னால் வந்த வண்டி எனக்குத் தெரியவில்லை. ஹாரன் அடித்துத் தள்ளிவிட்டான். "ஏலே, அப்பனக் குழிக்குள்ள தள்ளிட்டு எந்த வேலைக்குப் போகப் போற?" என்று பேச்சி உன் தலையில் தட்டினாள். ஐ ஆம் எ குயிக் லேர்னர் என்ற வரி மட்டும் எல்லாருக்கும் தங்கிவிட்டது. போன மாதம் புதிதாக வந்த மேஸ்திரி ஒருவர் பேச்சியைத் திட்டியிருக்கிறார். அவள் நிமிர்ந்து நின்று அதைச் சொன்னாளாம். அவர் அதோடு போய்விட்டார்.

ஒன்றை மட்டும் அப்போது யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் ஜீப், கம்பம், ஃபாதர் என்ற வார்த்தைகள் காதில் விழும். முதலில் நீ சொல்லிப் பழகிய சுயவிவரத்தில் அந்த மூன்றும் இருந்தன. கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே அந்த வரியைச் சொல்வாய். வீட்டைப் பற்றி வாய் திறக்க மாட்டேன் என்று நீ சொன்னபடியே அவை ஒவ்வொன்றாகக் கழன்றன. முதலில் ஜீப் போனது. பிறகு கம்பம் போய் மதுரை வந்தது. கடைசியில் நானும் போய்விட்டேன். அப்புறம் நீ சொன்னது தங்குதடையில்லாமல் வந்தது. திக்கித் திக்கிப் பேசுகிற அந்த இடமே இல்லாமல் போயிற்று. "இப்ப எப்படி இருக்கு அத்தா?" என்று கேட்டாய். ரொம்ப நல்லா இருக்கு என்றேன். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இன்னொரு கேள்வியும் அந்தத் தாளில் இருந்தது. எங்கே அனுப்பினாலும் போவாயா என்று. எனிவேர் சார் என்று நீ சொல்ல வேண்டும், அதுவும் யோசிக்காமல் சொல்ல வேண்டும். கேள்வி முடிவதற்குள் பதில் வந்தால்தான் மார்க்காம். வண்டியில் ஏறினாலே யாராவது அதைக் கேட்பார்கள், நீயும் சொல்வாய். எல்லாரும் கை தட்டுவார்கள், நானும் ஸ்டீயரிங்கில் தட்டுவேன். அடுத்து வந்த கம்பெனியில் அதைச் சொல்லித்தான் வேலை வாங்கினாய். ஜீப் முழுக்க மிட்டாய் கொடுத்தோம். எல்லாருமாகச் சேர்ந்து உன்னை ஊரை விட்டு அனுப்பப் பழக்கியிருக்கிறோம் என்பது நீ பெட்டியோடு பெங்களூர் பஸ் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எனிவேர் என்று சொன்னாயே தம்பி, அதில் கம்பமும் ஒரு ஓரத்தில் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் நாள் எப்படிப் போகிறது என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. காலையில் குறைவில்லை. பெங்களூர் பஸ் நான் வண்டி போடுகிற இடத்துக்கு எதிரில்தான் வந்து நிற்கும். தோளில் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு பையன்கள் இறங்குவார்கள். எல்லாருக்கும் பின்பக்கம் ஒரே மாதிரி இருக்கிறது. கடைசி ஆள் இறங்கி, கதவு மூடுகிறவரைக்கும் நான் வண்டியை எடுப்பதில்லை. பேச்சி அதைக் கண்டுகொள்ளாத மாதிரி வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பாள். பகல் மலையில் போய்விடும். சாயங்காலம்தான் தொல்லை. ஒவ்வொருத்தியாக அவரவர் தெருமுனையில் இறங்கிக்கொண்டே வருவார்கள். கடைசியாகப் பேச்சியும் இறங்கிவிட்டால் வண்டி கடகடவென்று தனியாகச் சத்தம் போடும். நேரே வீட்டுக்குப் போகாமல், டீசல் வீண் என்று தெரிந்தே, திராட்சைத் தோட்டத்துப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவேன். வீட்டுக்குள் நுழைந்த பிறகு வாயைத் திறப்பதற்கு வேலை கிடையாது. ஒரு ஆளுக்குச் சமைப்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தினமும் மிஞ்சுகிறது. மறுநாள் அதையே சாப்பிடுகிறேன்.

போன வருஷம் ஒரு நாள், மெட்டு ஏறும்போது பேச்சி விளையாட்டாகத் திரும்பி, "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்ண்ணே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே கியரை மாற்றினேன். அவர்கள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. நான் மட்டும் தோட்டம் வரைக்கும் அந்தக் கேள்விக்குப் பதிலைத் தேடிக்கொண்டு போனேன். வீட்டுக்காரி இல்லை, மகன் வெளியூரில். ஜீப் ஒன்று இருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. உன் பதிலிலிருந்து நான் போனேன் என்று வருத்தப்பட்டேனே, என் பதிலைப் பார்த்தால் அதில் உன்னைத் தவிர வேறு ஒன்றுமே இல்லை.

சரி, நீ கேள்வி கேட்கப் போகிறவன். பழைய பேனல் என்ற உரிமையில் இரண்டு வார்த்தை சொல்கிறேன். தேனியில் உன் முன்னால் வந்து உட்காரப் போகிற பிள்ளைகள் சின்னமனூரிலிருந்தும் கூடலூரிலிருந்தும் கூட்டமான பஸ்ஸில் நின்றுகொண்டு வந்திருப்பார்கள். இஸ்திரி போட்ட சட்டை இறங்கும்போதே கசங்கிவிடும். ஷூ யாரோ ஒருத்தருடையதாக இருக்கும். ஹார்ட் வொர்க்கர், குயிக் லேர்னர் என்று எல்லாரும் ஒரே பதிலைத்தான் ஒப்பிப்பார்கள். சலித்துக்கொள்ளாதே. அதைச் சொல்லி முடிக்கட்டும். பிறகு, லீவில் வீட்டுக்குப் போனால் என்ன வேலை செய்வாய் என்று கேட்டுப் பார். திராட்சைப் பந்தலுக்கு அடியில் மருந்து அடித்த பிள்ளை இருக்கும், வாழைத்தார் லாரிக்குக் கணக்குப் பார்த்த பிள்ளை இருக்கும். அப்போது பேசுவார்கள் பார், இங்கிலீஷ் தடுமாறினாலும் பேசுவார்கள். சொல்லும்போது நீ போனைப் பார்க்காதே. உனக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது.

அவர்களில் யாராவது ஒருத்தன், என்னைப் போல ஒரு அப்பன் சொல்லிக்கொடுத்து, எனக்கு வேலை வேண்டும் சார், வீட்டில் கஷ்டம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நிறுத்துவான். அவனை எடு என்று நான் சொல்லவில்லை. வேலை தெரியவில்லை என்றால் எடுக்காதே, அது உன் கம்பெனி. ஆனால் பேனாவைக் கீழே வைக்காதே. வேண்டும் என்பதைக் கேட்டுக்கொண்டேன், இனி உனக்கு என்ன தெரியும் என்று சொல் என்று அடுத்த கேள்விக்குப் போ. தண்ணீர் கொடுப்பதாக இருந்தால் உள்ளே வரும்போதே எல்லாருக்கும் கொடு. ஜீப்பில் ஏற்றாமல் நிறுத்திவிட்டுப் போகிற பெண்ணைப் பார்த்து, நாளைக்கு முதல் ஆளாக நீ ஏறு என்று நான் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். உன்னால் அப்படி வாக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் அந்தப் பையன் முகம் பார்த்து ஏதாவது ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. வெளியே மரத்தடியில் அவன் வீட்டு ஆள் ஒருத்தர் நின்றுகொண்டிருப்பார்.

இனி என் காரியம். தேனியிலிருந்து கம்பம் எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும். நடுவில் சின்னமனூர், உத்தமபாளையம், அவ்வளவுதான். வேலையை முடித்துக்கொண்டு ஒரு காரைப் பிடித்தால் விளக்கு வைப்பதற்குள் வந்துவிடலாம். அந்த ஃபிளைட் போனால் மறுநாள் வேறு ஃபிளைட் இருக்கும். கேட்டில் வந்து நிற்க மாட்டேன், பயப்படாதே. உன் டீம் என்னைப் பார்க்க வேண்டியதும் இல்லை. நீ வீட்டுக்கு வந்தால் போதும்.

ஏன் வர வேண்டும் என்று உனக்குத் தோன்றும். அந்தக் கேள்விக்கு நானும் வண்டியில் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நல்ல கறி எடுத்து ஆக்கி வைக்கிறேன் என்று சொல்லலாம். பேச்சியத்தை உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள் என்று சொல்லலாம். வீட்டுப் பத்திரத்தில் உன் கையெழுத்து வேண்டும் என்று ஒரு பொய்கூடச் சொல்லலாம், அதற்கு நீ உடனே வருவாய். எல்லாம் அந்த ஜெராக்ஸ் தாளில் இருந்த மாதிரிப் பதில்கள். எத்தனையோ பேர் ஜீப்புக்கு வெளியே நின்று உள்ளதை உள்ளபடி சொல்ல, நான் காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன். ஒரு நாளும் நான் வெளியே நின்று யாரிடமும் சொன்னதில்லை. இப்போது நீ உள்ளே உட்கார்ந்திருக்கிறாய், நான் வெளியே நிற்கிறேன். எனக்குத் தெரிந்த பதில் அன்றைக்கு உனக்குச் சொன்னதுதான். பாவம் என்று பார்க்காதே. ஒரே வரியில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

வீட்டுல ஆளு இல்ல தம்பி.